கோட்டுக்கு வெளியே ஒரு குதிகால்

ஆகஸ்ட் 3, வியாழன்

மிளகாய் அரைக்கிற நாளாகப் பார்த்து சினிமாக்காரர் வந்தார். காரிலிருந்து இறங்கி மில்லுக்குள் கால் வைத்தவர், பெயரைச் சொல்வதற்கு முன்னால் அடுக்கடுக்காகத் தும்மினார். பெயர் நிருபன். இயக்குநராம். இதற்கு முன் ஒரு படம் எடுத்திருக்கிறார். நான் பார்க்கவில்லை என்றேன். "யாருமே பாக்கலைக்கா" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

என் கதையைப் படமாக எடுக்கப் போகிறாராம். வேடசந்தூரில் மாவு மில் வைத்திருக்கிற நாகஜோதியின் கதை இல்லை. தொண்ணூற்றாறில் கபடி ஆடிய நாகஜோதியின் கதை. அந்த நாகஜோதியை யாராவது விசாரித்துக்கொண்டு வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. கதாநாயகிக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கவும் நானே வர வேண்டுமாம். காலையில் இரண்டு மணி நேரம், பள்ளிக்கூட மைதானத்தில்.

போகும்போது இந்த டைரியைக் கொடுத்தார். "ஞாபகம் வர்றதை எல்லாம் எழுதி வைங்கக்கா. வசனம் எழுத உதவும்" என்றார். எழுதுகிறேன். அவரிடம் கொடுப்பேனா என்பது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. தன் வேடத்தில் யார் நடிப்பார் என்று கேட்டார். "அந்த மேட்சுல நீங்க ஏதுங்க? நமக்குக் கல்யாணமே ஆகலையே" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பாவமாக இருந்தது, இரண்டு தோசை கூடுதலாக ஊற்றினேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

கதாநாயகியின் பெயர் மிருதுளா. சென்னைப் பெண். கையில் ஒரு பூச்சிக்கடித் தழும்புகூட இல்லை. இது எங்கே விழுந்து புரளப் போகிறது என்று நினைத்தேன்.

முதலில் பாடச் சொன்னேன். சாமி கும்பிடுகிற மாதிரி உதட்டுக்குள்ளேயே "கபடி கபடி" என்கிறது. நடுவர் காதில் விழ வேண்டும், எதிரி வயிற்றில் புளி கரைய வேண்டும், அதற்குத்தான் பாடுவது என்று நான் ஒரு தடவை பாடிக் காட்டினேன். மரத்தடியில் நின்ற நாய் எழுந்து போய்விட்டது. மிருதுளா சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கியது. நாற்பத்தொன்பது வயதில் எனக்கும் மூச்சு வாங்கியது, காட்டிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மில்லுக்கு விடுமுறை. வசனம் எழுதுகிறவருக்காக அந்த மேட்சை எழுதிவிடுகிறேன்.

எங்கள் டீமுக்கு மைதானம் கிடையாது. அரிசி ஆலையில் நெல் காயப் போடும் களத்தில், நெல்லை அள்ளிய பிறகு ஆடுவோம். நடுவராக நிற்க ஆள் இல்லை. பதினான்கு பேர் இருந்தால் பதினான்கு பேரும் ஆடத்தான் வேண்டும். அதனால் அவுட்டானவள் தானே "அவுட்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவாள். சொல்லாவிட்டால் ஆட்டமே நடக்காது, சண்டைதான் நடக்கும். இது எங்களுக்கு நல்ல குணம் ஒன்றும் இல்லை, பழக்கம். செருப்பை வாசலில் விடுவது மாதிரி.

தென்மண்டலக் கோப்பை இறுதி ஆட்டம், திருச்சியில். கடைசியாகப் பாடிப் போகிற ரெய்டு என்னுடையது. நாங்கள் ஒரு பாயின்ட் பின்தங்கி இருந்தோம். இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினேன். இரண்டு பாயின்ட். கோப்பை எங்களுக்கு. கூட்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தியது.

ஆனால் அவர்களைத் தொடுவதற்கு முன்னால் என் வலது குதிகால் லாபியில் பட்டிருந்தது. களத்தின் இரண்டு ஓரத்திலும் கோட்டுக்கு வெளியே ஒரு பட்டை இருக்கும், அதுதான் லாபி. யாரையாவது தொட்ட பிறகு அதில் கால் வைக்கலாம். தொடுவதற்கு முன் வைத்தால் அவுட். நடுவர் பார்க்கவில்லை. கோட்டு நடுவர் பார்க்கவில்லை. எதிர் டீமும் பார்க்கவில்லை.

"நான் அவுட்டு" என்றேன். நடுவருக்கு ஒன்றும் புரியவில்லை. கரூர்ப் பக்கத்து டிராயிங் மாஸ்டர் அவர், நல்ல மனுஷன். ஆட்டத்தில் நடுவரிடம் கேப்டன் மட்டும்தான் பேசலாம் என்பது விதி. அதனால் எங்கள் கேப்டனைக் கூப்பிட்டார். கேப்டன் செல்வராணி. அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவர் பக்கம் திரும்பி, "அவுட்டுங்க சார்" என்றாள்.

தோற்றோம்.

கபடிச் சங்கத்தில் விசாரணை வைத்தார்கள். ஜெயித்த மேட்சை ஒருத்தி தானாகத் தோற்பாளா, காசு வாங்கியிருக்கிறார்கள் என்றார்கள். நடந்ததை நடந்தபடி நான் சொன்னேன். "அவ காலு பட்டுச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று செல்வராணியிடம் கேட்டார்கள். "அவ சொன்னா" என்றாள். அந்த அறையில் எல்லாரும் சிரித்தார்கள். கேப்டன் என்பதால் அவளுக்கு ஆயுள் தடை. எனக்கு இரண்டு வருடத் தடை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வர இருந்த வேலை இரண்டு பேருக்கும் போயிற்று.

செல்வராணி இப்போது கரூரில் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன் என்று கேள்வி. ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம்தான். மில்லை விட்டுவிட்டு எங்கே போவது.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

கம்பு, ராகி, சத்துமாவு. வேறு விசேஷம் இல்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

மிருதுளா தேறிவிட்டாள். முழங்கால் இரண்டும் சிராய்ப்பு. கல்லூரி டீம் பெண்களோடும் கேப்டனாக நடிக்கிற பெண்ணோடும் தினமும் ஆடுகிறாள். நடுவர் வைத்து ஆட ஆள் இல்லாததால் எங்கள் களத்துப் பழக்கம்தான், அவரவர் அவுட்டை அவரவர் சொல்ல வேண்டும். முதல் வாரம் பொய் சொன்னாள். "ஆன்ட்டி, யாரும் பாக்கலையே" என்றாள். "நீ பாத்தியா இல்லையா?" என்றேன். இப்போது சொல்லிவிடுகிறாள். ஆன்ட்டியும் அக்காவாகிவிட்டது.

இன்று பயிற்சி முடிந்ததும் கடைசிக் காட்சியை வாசித்துப் பார்க்கலாமா என்று அவள்தான் கேட்டாள். தாளை வாங்கிப் படித்தேன்.

மேட்சுக்கு முதல் நாள் இரவு கேப்டன் ஒரு பையை வாங்குகிறாள். பைக்குள் பணம். மறுநாள் கதாநாயகி ஜெயித்துவிட்டுத் திரும்புகிறாள். கால் எங்கேயும் படவில்லை. கேப்டன் நடுவரிடம் போய், "அவுட்டுங்க சார்" என்கிறாள். கதாநாயகி மண்ணில் விழுந்து அழுகிறாள். மழை பெய்கிறது.

நேராக நிருபனிடம் போனேன். வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி இது?"

"சினிமாக்குக் கொஞ்சம் மாத்திருக்கோம்க்கா. உங்க பேருக்கு ஒரு களங்கமும் வராது."

"என் பேரைப் பத்தி யாரு கேட்டா? செல்வராணி காசு வாங்குனான்னு போட்டுருக்கீங்க."

"அக்கா, நெசத்தை அப்படியே எடுத்தா யாரும் நம்ப மாட்டாங்க. கோப்பை கையில இருக்கறப்ப எவளாவது தானா போயி நான் அவுட்டுன்னு சொல்லுவாளா? தியேட்டர்ல சிரிச்சிருவாங்க."

"விசாரணையிலயும் சிரிச்சாங்க."

அவர் டீயைக் கீழே வைத்தார். "ஒரு படம்னா யாராவது ஒருத்தர் கெட்டவங்களா இருந்தே ஆகணும்க்கா."

"அங்க யாரும் கெட்டவங்க இல்லையே. வேணும்னா அந்த விசாரணை வச்சவங்களைக் கெட்டவங்களாக் காட்டுங்க."

அவர் வேப்பம்பழத்தைக் காலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 11, திங்கள்

"படத்துல நீ நல்லவளாத்தானே வர்ற? அப்புறம் என்ன?" என்கிறார் வீட்டுக்காரர். ஊரில் பாதிப் பேர் இப்போதே மில்லுக்கு வந்து என்னை ஒரு மாதிரி மரியாதையாகப் பார்க்கிறார்கள். மாவு சலிப்பது சரியில்லை என்று யாரும் சண்டை போடுவதில்லை. அது பிடித்துத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

ஆனால் அந்தத் தாளைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

கரூர் போனேன். மில்லுக்கு ஒரு சல்லடை வாங்க வேண்டியிருந்தது. வாங்கிவிட்டு, அப்படியே பக்கம்தானே என்று விடுதிக்குப் போனேன்.

சமையல்கட்டில் கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள் செல்வராணி. தலை நரைத்துவிட்டது. தோள் மட்டும் அதே தோள். பெண் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். ஒருத்தி மூன்றாவது சப்பாத்திக்குக் கை நீட்டினாள். "மொதல்ல தின்னதை முடி" என்று அதட்டிவிட்டு நான்காவதையும் சேர்த்துப் போட்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"வாடி ஜோதி. கை கழுவிட்டு உக்காரு" என்றாள். நேற்றுப் பார்த்த மாதிரி.

சாப்பிட்டேன். பிள்ளைகளுக்கு அவளிடம் பயமும் இருக்கிறது, செல்லமும் இருக்கிறது. ஒருத்தி வந்து காதுக்குள் என்னவோ சொன்னாள், இவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். நல்ல பெயரோடு இருக்கிறாள். வெளியூர்ப் பெற்றோர்கள் இவளை நம்பித்தான் பெண்ணை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

"படம் எடுக்கறாங்களாமே. என்னைய யாரு நடிக்கிறா? நல்லா கருப்பா, ஒசரமா இருக்காளா?" என்று கேட்டாள்.

"இருக்கா" என்றேன்.

"என் ஜெர்சி நம்பர் நாலு. மறந்துறப் போறாங்க, சொல்லிரு."

சொல்கிறேன் என்றேன். பஸ் நிலையம் வரை வந்தாள். மேட்சைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சப்பாத்திக்குப் போட்ட குருமா நன்றாக இருந்தது.

செப்டம்பர் 18, திங்கள்

சல்லடையை மாட்டினால் அளவு சேரவில்லை. நம் மில்லுக்கு இந்த அளவு இல்லை என்று எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 24, ஞாயிறு

விஷயம் இப்போதுதான் விளங்கியது. மிருதுளா சொன்னாள். திருச்சி உள்ளரங்கத்தில் படம் எடுக்கச் சங்கத்தின் அனுமதி வேண்டுமாம். சங்கம் கதையை வாங்கிப் படித்துவிட்டுத்தான் அனுமதி கொடுத்ததாம். சங்கத்தைக் குறை சொல்லும் காட்சி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. சங்கம் நல்லது, கதாநாயகி நல்லவள், மிச்சம் இருக்கிறவள் செல்வராணி. கெட்டவள் நாற்காலி காலியாக இருந்தது, அவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

வந்த கோபத்தில் நிருபன் தங்கியிருந்த லாட்ஜுக்கே போய்விட்டேன். பேரை மாற்றிவிடுகிறேன் என்றார்.

"செல்வராணியைச் செல்வமணின்னு வைப்பீங்களா? அந்த டீம் கேப்டன் யாருன்னு இந்த ஜில்லாவுக்கே தெரியும் தம்பி."

"தயாரிப்பாளர் ஒத்துக்க மாட்டாருக்கா. நான் என்ன பண்றது?"

படத்தின் தொடக்கத்தில் 'உண்மைச் சம்பவம்' என்று போட என் கையெழுத்து வேண்டும். அது இன்னும் அவர்கள் கைக்குப் போகவில்லை. அதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"கையெழுத்துப் போடுறேன். ஆனா ஒண்ணு. நீங்க கரூருக்குப் போங்க. செல்வராணிக்கு முன்னால உக்காந்து, அவ முகத்தைப் பாத்து, அந்தப் பணப்பைக் காட்சியை வாசிச்சுக் காட்டுங்க. காட்டிட்டு வந்து பேனாவைக் குடுங்க."

"அவ்வளவுதானாக்கா?"

"அவ்வளவுதான்."

நிம்மதியாகத் தலையாட்டினார். இளம் பிள்ளை.

அக்டோபர் 1, ஞாயிறு

கோதுமை அரைத்துக்கொண்டிருந்தேன். நிருபன் வந்து மூட்டை மேல் உட்கார்ந்தார். முகம் களைத்திருந்தது.

"போனீங்களா?"

"போனேன்."

"வாசிச்சீங்களா?"

"சாப்பாடு போட்டாங்கக்கா."

மில்லை நிறுத்தினேன். அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். இரண்டு தடவை தாளை எடுத்தாராம். முதல் தடவை அவள் மோர் ஊற்றினாளாம். இரண்டாவது தடவை ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்று எழுந்து போய், திரும்பி வந்து, "என்ன தம்பி, என்னமோ படிச்சுக் காட்ட வந்தேன்னீங்களே" என்று கேட்டாளாம். இவர் ஜெர்சி நம்பர் நாலுதானே என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குருமாவை நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

"வாசிக்கலை. அதனால கையெழுத்து இல்லை" என்றேன்.

"சரிக்கா" என்றார். போய்விட்டார்.

அக்டோபர் 9, திங்கள்

திருச்சி. கடைசிக் காட்சி. வரக் கூடாது என்றுதான் இருந்தேன். மிருதுளா போன் பண்ணி, "நீங்க இல்லாம நான் அந்தக் கோட்டுப் பக்கமே போக மாட்டேன்" என்றாள். போனேன். பணப்பைக் காட்சியைப் போன வாரமே எடுத்து முடித்துவிட்டார்கள் என்று அங்கே போனதும் தெரிந்தது. ஒரு ஓரமாக நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

நாங்கள் ஆடியது மண்ணில், சுண்ணாம்புக் கோட்டில். இங்கே பளபளவென்று விரிப்பு, தலைக்கு மேலே சூரியன் மாதிரி விளக்குகள். பார்வையாளர்களாக உட்கார வைத்தவர்களுக்குப் பொட்டலம் கொடுத்துக் கத்தச் சொல்லியிருந்தார்கள். கேப்டனாக நடிக்கிற பெண் கருப்பு, உயரம், நாலாம் நம்பர்.

காமிரா ஓடியது. மிருதுளா பாடிக்கொண்டே உள்ளே போனாள். நன்றாகவே போனாள். இடது பக்கம் சாய்ந்து, ஓரமாக வழுக்கி, ஒருத்தியைத் தொட்டு, இன்னொருத்தியைத் தொட்டு, தாவித் திரும்பினாள். கூட்டம் கத்தியது. அவள் குதிக்க வேண்டும், சிரிக்க வேண்டும், அப்படித்தான் தாளில் இருந்தது.

அவள் அப்படியே நின்றாள். "நான் அவுட்டு" என்றாள்.

நடுவராக நடித்தவர் விழித்தார். கேப்டன் பெண்ணும் இரண்டு மாதமாக எங்களோடு களத்துப் பழக்கத்தில் ஆடியவள்தான். மிருதுளாவின் முகத்தைப் பார்த்தாள். நடுவரிடம் திரும்பி, "அவுட்டுங்க சார்" என்றாள்.

"கட்!" என்று நிருபன் கத்தினார். "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"சாரி சார். தொடறதுக்கு முன்னாடியே என் கால் லாபில பட்டுச்சு" என்றாள் மிருதுளா.

"மானிட்டர்ல எங்க தெரியுது? எனக்கே தெரியலையே!"

"எனக்குத் தெரிஞ்சுது சார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

நிருபன் எடுத்ததைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பொட்டலம் வாங்கிய கூட்டம்கூடச் சத்தம் போடவில்லை. தாளில் கேப்டனுக்கு இருந்த வசனம் அந்த ஒன்றுதான், "அவுட்டுங்க சார்." ஒரு எழுத்து மாறவில்லை. அவள் சொன்ன விதத்தில் பணமும் இல்லை, பையும் இல்லை.

"யாரும் சிரிக்கலை தம்பி" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அடுத்த டேக்" என்றார். தாளில் இருந்தபடியே மறுபடியும் எடுத்தார்கள். மிருதுளா குதித்தாள், சிரித்தாள், மண்ணே இல்லாத இடத்தில் விழுந்து அழுதாள். இரண்டும் அவர்களிடம் இருக்கிறது.

அக்டோபர் 22, ஞாயிறு

நிருபனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன், எதைப் போடுவீர்கள் என்று. "என் கையில இல்லைக்கா. தயாரிப்பாளர் பாக்கணும், சங்கத்துக்குப் போட்டுக் காட்டணும்" என்றார்.

"அப்ப என் கையெழுத்து என் கையிலயே இருக்கட்டும்" என்றேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அதிரச மாவு, முறுக்கு மாவு என்று இரண்டு வாரமாக மில் ஓயவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் படம் எப்போது என்று கேட்கிறார்கள். நான் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். "படத்துல கேப்டன் காசு வாங்குற மாதிரி வந்தா நம்பாதீங்க. அவ வாங்கலை. என் காலு பட்டுச்சு, நான் சொன்னேன், அவ என்னைய நம்புனா." மாவு வாங்க வந்தவர்கள் பையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். கேட்காமல் எங்கே போவது, மாவு என்னிடம்தானே இருக்கிறது.

"பைத்தியம் மாதிரி எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கியே" என்றார் வீட்டுக்காரர். மத்தியானம் எடைக்கல் பக்கத்தில் நின்று அவரே ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

பிப்ரவரி 19, திங்கள்

நிருபன் போன். குரலில் சுரத்தில்லை. கையெழுத்தே வேண்டாமாம். உண்மைச் சம்பவம் என்று போட்டால் வழக்கு வரும் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். 'முழுக்க முழுக்கக் கற்பனை' என்று போடப் போகிறார்கள். கதாநாயகிக்கும் கேப்டனுக்கும் பேரை மாற்றியாகிவிட்டது.

என்னிடம் இருந்த ஒரே பிடியும் போயிற்று. இனி அவர்கள் எதையும் காட்டலாம். பையைக் காட்டலாம், மழையைக் காட்டலாம்.

"எந்த டேக் தம்பி?" என்று கேட்டேன்.

"கேக்காதீங்கக்கா" என்றார்.

மார்ச் 31, ஞாயிறு

படம் ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி வருகிறது. பஸ் நிலையத்தில் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். மிருதுளா பறக்கிறாள்.

காலையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மூன்று படி உளுந்து உடைத்தேன். உடைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிறகு செல்வராணிக்குப் போன் பண்ணினேன்.

"ராணி, ஒண்ணு சொல்லணும். படத்துல உன்னையக் காசு வாங்குனவளாக் காட்டியிருக்கலாம். காட்டாமலும் இருக்கலாம். ரெண்டு விதமாவும் எடுத்துருக்காங்க. எதைப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கு உன் விடுதிக்கு வந்தப்பவே இது தெரியும். சாப்புட்டுட்டு வாயைத் தொடச்சுக்கிட்டு வந்துட்டேன்."

அந்தப் பக்கம் தட்டுகள் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அந்தத் தம்பி தாளை எடுத்து எடுத்து வச்சப்பவே நெனச்சேன்" என்றாள் கடைசியில்.

"நான் முதல் நாளே போறேன். தியேட்டர்ல உன்னைய எவனாவது ஒரு வார்த்தை சொன்னா எந்திரிச்சு நின்னு பதில் சொல்லப் போறேன். நீ வர்றியா?"

"ரெண்டு டிக்கெட்டு எடு" என்றாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

திண்டுக்கல். முதல் காட்சி. வீட்டுக்காரர் மில்லைப் பார்த்துக்கொண்டார். அடம் பிடித்துப் பார்த்தார், முடியாது என்றுவிட்டேன்.

செல்வராணி நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். விடுதிப் பிள்ளைகள் தலைக்கு மல்லிகை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். திரையில் முதலில் பெரிதாக எழுத்து வந்தது. இதில் வரும் பெயர்களும் சம்பவங்களும் முழுக்க முழுக்கக் கற்பனை. "ஆக, நாம ரெண்டு பேரும் பொறக்கவே இல்லை" என்றாள் செல்வராணி.

படம் ஓடியது. மிருதுளாவுக்கு ஒரு கலெக்டரோடு காதல். நான் எந்தக் கலெக்டரைப் பார்த்தேன்? அரிசி ஆலைக் களத்தில் ஒரு பாட்டு, நாற்பது பேர் முறத்தோடு ஆடுகிறார்கள். நெல் அள்ளுகிற இடத்தில் ஆடினால் ஆலைக்காரர் சும்மா விடுவாரா? செல்வராணி ரசித்துப் பார்த்தாள். நான் பை எப்போது வரும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளை முடிந்தது. மேட்சுக்கு முதல் நாள் இரவு வந்தது. பை வருகிற இடம் இதுதான். நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எழுந்து நிற்பதற்குக் காலைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

கேப்டன் குழாயடிக்குப் போனாள். எல்லாருடைய ஜெர்சியையும் துவைத்துக் கொடியில் காயப் போட்டாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். அடுத்தது விடிந்துவிட்டது.

பை வரவில்லை.

"நான் எங்கடி தொவச்சேன்? நீதான தொவச்ச" என்று செல்வராணி காதுக்குள் முணுமுணுத்தாள். எனக்குக் கண்ணீர் வழிந்து மூக்குக்கு வந்திருந்தது.

பிறகு அந்த ரெய்டு. மிருதுளா போனாள், தொட்டாள், திரும்பினாள், நின்றாள். "நான் அவுட்டு." கேப்டன் அவள் முகத்தைப் பார்த்தாள். "அவுட்டுங்க சார்."

கற்பனை என்று போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி காட்டிவிட்டார்கள்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பையன், "இவளுக்கென்னடா கிறுக்கா?" என்றான். பக்கத்தில் இருந்தவன், "சும்மா இருடா" என்றான். நான் எழுந்திருக்கவில்லை. திரையில் யாரென்று பேர் சொல்லாத ஒரு கமிட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. கற்பனைக் கமிட்டி, சங்கம் எதைச் சொல்லிச் சண்டைக்கு வரும்? தியேட்டர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் செல்வராணி என் பக்கம் சாய்ந்தாள்.

"ஜோதி, நெசமாவே பட்டுச்சா?"

இருட்டில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. கரூர் ஒன்றரை மணி நேரம்தான். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இத்தனை வருடம் நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. வேறு எதற்கும் இல்லை.

"இவ்வளவு வருஷமா ஏண்டி கேக்கலை?"

"கேட்டா, உன்னைய நம்பலைன்னு ஆயிரும்ல."

"இப்ப கேக்குற?"

"இப்பத்தான் ஊருக்கே சொல்லியாச்சே. இனிமே கேட்டா தப்பில்லை."

"பட்டுச்சு ராணி" என்றேன்.

"சரி" என்றாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, படம் முடிகிற வரைக்கும் விடவில்லை.